புத்தகத்தில் அப்படி இல்லை

அவரைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் புரூப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் அக்காவும் அவரை ஆன்டி என்போம். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கேயாவது ஒரு எழுத்தை விட்டிருப்பேன் என்று மேலே இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவார்.

எதையும் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது அவர் சுபாவம். வேலையில் பழகியது, வேலை போன பிறகும் போகவில்லை. இடது பக்கம் கையெழுத்துப் பிரதி, வலது பக்கம் அச்சான தாள், வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேல். ஸ்கேலை ஒரு வரி இறக்கினால் அந்த வரி சரி என்று அர்த்தம். எங்கள் அம்மாவின் மாத்திரை அட்டையை டாக்டர் சீட்டோடு இப்படித்தான் பார்ப்பார். கோவில் நோட்டீஸ், கரண்ட் பில், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை அட்டவணை, எது கையில் கிடைத்தாலும் ஸ்கேல் வந்துவிடும். அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமை ஆகியிருந்ததை ஐந்நூறு பிரதி அடிப்பதற்கு முன்னால் பிடித்ததும் அவர்தான். அன்றைக்கு அப்பா அவரைக் கும்பிடாத குறை.

மற்ற நாட்களில் அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது. ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர் அப்பா. கதை சொல்வதில் மன்னன். ஒரு முறை ஸ்டேஷனில் மூன்று ரவுடிகளை விரட்டிய கதையை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற ஆன்டி, “போன தீபாவளிக்கு ஒருத்தன்னு சொன்னீங்க” என்றார். சிரிக்காமல் சொன்னார். கேலி செய்தால்கூடப் பரவாயில்லை. பிழை இருக்கிறது, சுட்டினேன், வேலை முடிந்தது என்ற முகம் அது. அந்த முகம்தான் எனக்குப் பயம்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் போடுவோம். கறுப்பு வெள்ளைப் படம். நம் ஆட்கள் வீட்டில் அதைப் பார்க்காதவர் கிடையாது. தேயிலைத் தோட்டத்து மானேஜர் ஒருவன், அவனுக்குப் பாட்டுப் பாடும் இளம் மனைவி. நடுவில் ஒரு பொல்லாத அத்தை மகன் வந்து சந்தேகத்தைக் கிளப்பிவிடுவான். மானேஜர் மனைவியை மாடி அறையில் வைத்துப் பூட்டுவான். அவள் பொறுமையாக இருப்பாள், பாடுவாள், கடைசியில் உண்மை தெரிந்து அவன் அவள் காலில் விழுந்து அழுவான். அந்த இடத்தில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொறுமைன்னா இது லா” என்பார். எங்களைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஆன்டி ஒரு தட்டில் முறுக்கோடு வந்து கதவோரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் தொடங்கிவிடும்.

“புத்தகத்துல அப்படி இல்ல.”

அந்தப் படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. கப்பலில் மூன்று வாரம் தாமதமாக இங்கே வந்து சேரும். அப்போது ஆன்டிக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஓவியம், பல்பொடி விளம்பரம் எல்லாவற்றோடும் பச்சைத் துணி போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். அதுதான் அவருக்கு மூலம். படம் என்பது ஏகப்பட்ட பிழையோடு அச்சாகிவிட்ட தாள்.

“அத்தை மகன்னு ஒருத்தனே கிடையாது” என்பார். “யாரும் வந்து கெடுக்கல. அவனேதான் செய்றான். பெரிய நடிகரைப் போட்டுட்டாங்க, அவர் கெட்டவரா நடிச்சா ஜனங்க பாக்க மாட்டாங்கன்னு பழியப் போட ஒரு ஆளச் செஞ்சாங்க.”

“சும்மா பாருங்க அக்கா” என்று அம்மா முறுக்கைக் கடிப்பார்.

அந்தப் படத்தில் எல்லோருக்கும் பிடித்தது ஒரு பாட்டு. கணவன் மனைவியின் செருப்பை ஒளித்து வைப்பான். அவள் வெறுங்காலோடு புல்லில் ஓடி ஓடித் தேடுவாள். அவன் மரத்துக்குப் பின்னாலிருந்து செருப்பை ஆட்டிக் காட்டுவான். எங்கள் வீட்டில் அதற்குச் செருப்புப் பாட்டு என்று பெயர். எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது அதைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தேன். பாட்டின் நடுவிலேயே ஆன்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இந்த இடம் புத்தகத்துல பதினாலாம் அத்தியாயம்மா. பாட்டு இல்ல. மொதல்ல அவளுக்கு வர்ற கடுதாசிய அவன் வாங்கி வெச்சுக்குறான். நான் படிச்சுச் சொல்றேனேன்னு அன்பாச் சொல்றான். அப்புறம் செருப்பு. நீதான் எங்கயும் போகலயே, உனக்கு எதுக்குன்னு எடுத்து வெக்கிறான். அதையும் அன்பாத்தான். அப்புறம் ஒரு நாள் தச்சன் வந்து அவ ரூம்ல உள்பக்கத் தாப்பாளக் கழட்டிட்டுப் போறான்.”

“எதுக்கு?”

“நமக்குள்ள தாப்பா எதுக்குன்னு கேக்குறான். அவளுக்கும் பதில் சொல்லத் தெரியல.”

அதற்கு மேல் நான் ஆடவில்லை. கோபமும் வந்தது. ஒரு நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டாரே என்றுதான் கோபம். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். “நல்லா இல்ல” என்றார். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பச்சைத் துணிப் புத்தகத்தை அவர் மேசையில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு ஆறு வருஷம் கழித்து. மாப்பிள்ளைக்கு ஊர் கிள்ளான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீஸில் வேலை. குடிக்க மாட்டார், சிகரெட் இல்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். அக்காவின் தண்ணீர்க் கிளாஸைக்கூட அவரே எடுத்துக் கொடுப்பார். எங்கள் சொந்தக்காரப் பெண்கள் எல்லோருக்கும் அக்கா மேல் பொறாமை. எனக்கும்தான்.

கிள்ளானில் மண்டபம் எடுத்து ரிசப்ஷன். ஆட்டம் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது நான். மாப்பிள்ளையிடம், “அத்தான், செருப்புப் பாட்டு ஆடுறீங்களா?” என்று கேட்டதும் நான். ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிப் பழக்கினேன். மேடையில் அவர் அக்காவின் தங்க நிறச் செருப்பைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்தார். அக்கா வெறுங்காலோடு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். மண்டபமே கைதட்டியது. அப்பா விசிலடித்தார். பாட்டு முடிந்ததும் அக்கா செருப்புக்குக் கை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், கொடுக்கவில்லை. மேடையை விட்டு இறங்கும்போதும் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடம் வரை அக்கா கல்யாணப் பட்டோடு வெறுங்காலில்தான் நடந்தாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆன்டியைத் தேடினேன். இலையில் பாயசம் அப்படியே இருந்தது. ஆளைக் காணோம். கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“என்ன ஆன்டி, சாப்பிடலயா?”

“எனக்கு ஒரு மாதிரி இருக்குமா. யாராச்சும் பிரிக்பீல்ட்ஸ் போறாங்களா பாரு.”

கல்யாணம் ஆகாதவர், பொறாமை, என்று அத்தைகள் பேசிக்கொண்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு அக்கா மாதம் ஒரு முறை வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது காலில் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு, அதுவும் ஆண்கள் அளவு. பாதம் அதற்குள் நீந்திக்கொண்டிருந்தது. “என்னோடதெல்லாம் அவர் எங்கயோ எடுத்து வெச்சிட்டாரு லா” என்று சிரித்தாள். அவள் போன் அவரிடம் இருந்தது. நாங்கள் அழைத்தால் அவர்தான் எடுப்பார். “இருங்க, கொடுக்கறேன்” என்று அன்பாகச் சொல்வார். வழியனுப்ப வாசலுக்கு வந்த ஆன்டி அந்தச் சிலிப்பரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அத்தான் செருப்பை ஒளித்துவிட்டார் என்றா?

கல்யாணமாகி எட்டாம் மாதம் அக்கா ஒரு துணிப்பையோடு தனியாக வந்து இறங்கினாள். இனிமேல் போக மாட்டேன் என்றாள். அப்பா கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன.

“அடிச்சாரா?”

“இல்லப்பா.”

“குடிக்கிறாரா? வேற பொம்பள?”

“இல்ல.”

“பின்ன என்னதான் பிரச்சனை?”

“எனக்குப் பயமா இருக்குப்பா” என்றாள். எதற்குப் பயம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பயம் ஒரு பிரச்சனையா என்று அப்பா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசி முடிக்க உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, பெரியப்பா, மாப்பிள்ளை. எனக்குத் தேநீர் கொடுக்கும் வேலை. மாப்பிள்ளை ஆப்பிள் பழமும் அக்காவுக்குப் பிடித்த கேக்கும் வாங்கி வந்திருந்தார். எல்லாம் என் தப்பு என்றார். அதிகமாகப் பாசம் வைத்துவிட்டேன், அது ஒன்றுதான் தப்பு என்றார். கண் கலங்கியது. பெரியப்பாவுக்கும் கலங்கியது. அப்பா அக்காவைப் பார்த்து, “அந்தப் படத்துல என்ன ஆச்சு? அவன் திருந்தலயா? பொம்பள பொறுத்துப் போனா எந்த ஆம்பளயும் திருந்துவான்மா” என்றார். என் அப்பா கெட்டவர் இல்லை. தன் பெண்ணின் வாழ்க்கையை ஒரு சினிமாவை நம்பி முடிவு செய்கிறோம் என்று அவருக்கு அன்றைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்போது கதவு திறந்திருந்தது. ஆன்டி உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் பச்சைத் துணிப் புத்தகம்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் மாப்பிள்ளையிடம். “உங்க வீட்டுல படுக்கற ரூம்ல உள்பக்கம் தாப்பா இருக்கா?”

மாப்பிள்ளை ஒரு கணம் ஆன்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “எங்களுக்குள்ள தாப்பா எதுக்கு ஆன்டி?”

எல்லோரும் கூடச் சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தாழ்ப்பாளைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடம்கூட.

“அண்ணே, அனுப்பாதீங்க” என்றார் ஆன்டி அப்பாவிடம். “இந்தக் கதை எனக்குத் தெரியும்.”

“கதை படிச்சுட்டு வந்து என் வீட்டுல பஞ்சாயத்துப் பண்ணாதீங்க. குடும்பம் நடத்துனவங்க பேசிக்கிட்டிருக்கோம்” என்று அப்பா எழுந்து கதவைக் காட்டினார். ஆன்டி போய்விட்டார். அக்கா சாயங்காலம் மாப்பிள்ளையோடு காரில் ஏறினாள். பையைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தது நான்தான். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, நான் மெல்ல எடுத்துவிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார் என்று பயந்துதான் எடுத்துவிட்டேன். இதைவிடக் கேவலமான காரியம் நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் குரல் வரவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுவாள், சமையலறையில் கடுகு வெடிக்கும் சத்தத்தோடு. இப்போது எழுத்தில் மட்டும், நல்லா இருக்கேன், பிஸி, என்று. அழைத்தால் அத்தான்தான் எடுப்பார். தூங்குகிறாள், குளிக்கிறாள், கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்பார். இரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் காலையில் பேப்பரை எடுக்கக் கதவைத் திறந்தபோது எதிர்க் கதவில் ஆன்டி நின்றிருந்தார்.

“எத்தன நாளா குரல் கேக்கல?”

“பதினாறு நாள் ஆன்டி.”

“செருப்பப் போடு.”

ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினேன். வீட்டில் சொல்லவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினோம். குளிரூட்டிய பெட்டியில் எனக்கு வேர்த்தது. அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயம் ஒரு பக்கம். ஒன்றுமே ஆகாமல், அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, நாங்கள் அசடு வழிந்து, அப்பாவுக்குத் தெரிந்துபோனால் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“ஆன்டி, அவ நல்லா இருக்கேன்னு சொன்னா திரும்பிடலாம், சரியா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “புத்தகத்துல தங்கச்சி வருவா.”

“எந்தத் தங்கச்சி? படத்துல தங்கச்சியே இல்லையே.”

“படத்துல அவளத் தூக்கிட்டாங்க. புத்தகத்துல இருக்கா. மலைக்கு பஸ் ஏறி வருவா. கேட்டுக்கு வெளிய நிப்பா. அக்காகாரி மாடி ஜன்னல்ல நின்னு, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ போ போங்கிறா.”

“அப்புறம்?”

ஆன்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “தங்கச்சி போக மாட்டா” என்றார். “எவ்ளோ சொன்னாலும் போக மாட்டா. கேட்டுலயே நிப்பா. அதனாலதான் அவ வெளிய வர்றா.”

கடைசியில் நல்லா இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னவர் ஆயிற்றே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அப்பாவின் ரவுடிகளைக்கூட எண்ணிப் பார்த்தவர் சொல்கிறார் என்றால் அச்சில் இருக்கிறது என்று அர்த்தம்.

கிள்ளானில் டாக்ஸி பிடித்துப் போனோம். வரிசை வீடு, இரண்டு மாடி. வெளிக் கேட்டில் பூட்டு. உள்ளே முன்கதவின் இரும்புக் கிரில்லிலும் வெளிப்பக்கம் பூட்டு. காரைக் காணோம். வாசல் அலமாரியில் பளபளவென்று நான்கு ஜோடி ஆண்கள் ஷூ. நான் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை மாடி ஜன்னலில் திரை விலகியது. அக்காதான். தலை வாரவில்லை. இளைத்திருந்தாள்.

“நீ ஏன் வந்த?” என்றாள்.

“சும்மா பாக்க வந்தேன். கீழ வாக்கா.”

“நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போ. அவர் மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாரு. பாத்தா வருத்தப்படுவாரு. ப்ளீஸ், போ.”

ரயிலில் கேட்ட அதே வார்த்தை. கால் தானாகப் பின்னால் போனது. நல்லா இருக்கேன் என்று அவளே சொல்கிறாளே, இதற்கு மேல் நான் யார், என்று மனசு கெஞ்சியது. ஆன்டி குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். தங்கச்சி போக மாட்டாள். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் அது சுட்டது.

“நான் போகல அக்கா. இங்கயேதான் இருப்பேன்.”

அவள் அழுதாள், கெஞ்சினாள், கோபப்பட்டாள். திரையை மூடினாள், திறந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா ஒருவர், மக்சிக் என்போம், தண்ணீரோடு வந்தார். “கேனாப்பா?”, என்ன ஆச்சு, என்று கேட்டார். மேலே என் அக்கா, என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், கிரில் பூட்டைப் பார்த்தார். அந்த வீட்டில் ஒரு பெண் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். பிறகு அவரும் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மூன்று பேராக நாங்கள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துச் சொன்னாள். “எங்கிட்ட சாவி இல்ல. வெளிய வர முடியாது. போனும் இல்ல. நான் ஒரு மெசேஜும் அனுப்பல.”

மக்சிக்தான் போலீஸுக்குப் போன் செய்தார். போலீஸ் வந்தது, பின்னாலேயே பொம்பா வண்டி வந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் பெரிய கத்தரியால் இரண்டு பூட்டையும் வெட்டினார். இரண்டாவது பூட்டு விழுந்த நேரம் அத்தானின் கார் தெருவுக்குள் திரும்பியது.

இறங்கி அவசரப்படாமல் நடந்து வந்தார். எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். இந்தப் பக்கம் திருட்டு அதிகம், மனைவி பயந்த சுபாவம், பத்திரத்துக்காகப் பூட்டிவிட்டுப் போகிறேன், மத்தியானம் வந்து திறப்பேன், என்று போலீஸ்காரரிடம் நல்ல மலாயில் விளக்கினார். கேட்க எல்லாமே நியாயமாக இருந்தது. போலீஸ்காரர் தலையாட்டினார். நான்கூட ஒரு நொடி நம்பினேன்.

அக்கா படியிறங்கி வாசல் வரை வந்து நின்றாள். வீட்டில் இருக்கிறாயா, போகிறாயா என்று போலீஸ்காரர் அவளையே கேட்டார். அத்தான், “கலா, உள்ள போம்மா, வெயில்” என்றார், அவ்வளவு மென்மையாக. அவள் அரை அடி திரும்பியதை நான் பார்த்தேன். பிறகு அவள் கண் என் பக்கம் வந்தது. நான் கேட்டை விடவில்லை.

அவள் வெறுங்காலோடு அந்தச் சுடுசிமெண்டில் நடந்து என்னிடம் வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்த கோர்ட்டு, வக்கீல், அப்பா ஒரு வருஷம் ஆன்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்கியது எல்லாம் வேறு கதை. ஆன்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த தீபாவளிக்கு அப்பா அந்தப் படத்தைப் போடவில்லை. ஆன்டி முறுக்கோடு வந்து உட்கார்ந்து, வேறு ஏதோ படத்தைப் பார்த்து, பிழை கண்டுபிடிக்க மூலம் இல்லாமல் தவித்தார்.

வயதாகி, செராஸில் தங்கை மகள் வீட்டுக்குப் போகும்போது பச்சைத் துணிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். “படிக்கணும்னு இல்ல. வெச்சுக்க” என்றார். நான் படிக்கவில்லை. அந்தப் பயம் விடவில்லை. சுபாங் ஜெயாவில் நானும் அக்காவும் வீடு எடுத்து வந்தபோதும் அது அலமாரியின் மேல்தட்டில் மூட்டைக்குள்தான் இருந்தது.

போன மாதம் செராஸிலிருந்து அவர் இறந்த செய்தி வந்தது. எல்லாம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்தேன். பழுப்புத் தாள், பல்பொடி விளம்பரம். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவர் சொன்ன அத்தனையும் வரிக்கு வரி அப்படியே இருந்தது. கடுதாசி, செருப்பு, தச்சன், தாழ்ப்பாள். முப்பத்தோராம் அத்தியாயத்தில் தங்கை பஸ் ஏறி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். மாடி ஜன்னலிலிருந்து அக்கா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ போ, என்றாள்.

தங்கை போய்விட்டாள்.

நிம்மதியாகக் கை அசைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க மலையிறங்கிப் போனாள். முப்பத்திரண்டாம் அத்தியாயம் தந்தியோடு ஆரம்பித்தது. மேலே படிக்க முடியவில்லை. அந்தக் கொமுட்டர் பெட்டியும், ஜன்னலுக்கு வெளியே பார்த்த அவர் முகமும் கண்ணில் நின்றன. வாழ்நாள் முழுக்க ஒரு எழுத்தை மாற்றாத மனுஷி அன்றைக்கு ஒரு அத்தியாயத்தையே மாற்றியிருக்கிறார். உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சமையலறையிலிருந்து அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்ன அது, ஆன்டியோட புக்கா?” பக்கத்தில் உட்கார்ந்து திறந்திருந்த பக்கத்தின் ஓவியத்தைப் பார்த்தாள். மாடி ஜன்னலில் ஒரு பெண், கேட்டுக்கு வெளியே ஒரு பெண். அவள் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது.

“இந்தத் தங்கச்சி என்ன பண்றா?”

நான் புத்தகத்தை மூடினேன்.

“போக மாட்டா அக்கா. கேட்டுலயே நிப்பா.”

“நீ நின்ன மாதிரியேவா?”

“ஆமா. அப்படியேதான் இருக்கு.”